விரலளவுப் போர்வீரனின் சட்டை நிறம்



இந்தத் தொடரிலே ஒரு நூலையோ ஒரு புலவரையோ எடுத்துக்கொண்டு பேசுவதே வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு விளையாட்டாகத் தோன்றக்கூடும். உண்மையில் அது விளையாட்டுத்தான். மேசைமேல் ஆடப்படும் போர் விளையாட்டுகளுக்கும், ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் கதை விளையாட்டுகளுக்கும் வேண்டிய சின்னஞ்சிறு மனித உருவங்களுக்கு வர்ணம் தீட்டுவதன் வரலாற்றையே சொல்ல வந்திருக்கிறேன். வன்னியிலே இருக்கும் ஒரு தமிழாசிரியனுக்கு இதிலே என்ன அலுவல் என்று கேட்பீர்கள். என்னிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. விடை தெரியாமல் நின்றேன். அதனாலேயே இந்த வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

சென்ற மார்கழி விடுமுறையில் இலண்டனிலிருந்து வந்த என் பழைய மாணவர் ஒருவர் கிளிநொச்சியிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். கையிலே ஒரு சிறிய பெட்டி. திறந்தால், துளையிட்ட பஞ்சுத் தட்டிலே பன்னிரண்டு போர்வீரர்கள் படுத்திருந்தார்கள். ஒவ்வொருவரும் பெருவிரலின் மேற்கணு அளவே. சிவப்பு மேற்சட்டை, மார்பிலே குறுக்காக வெள்ளைப் பட்டி, தோளிலே துப்பாக்கி. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். பொத்தான்கள்கூடத் தெரிந்தன.

என் வீட்டிலே விளையாட்டுத் துப்பாக்கி வாங்குவதில்லை. போரை விளையாட்டாகப் பார்ப்பதற்கு மனம் வருவதில்லை. ஆகவே, "தம்பி, உமக்கு இது என்ன வேலை?" என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். அடித்தட்டிலிருந்து இன்னும் இரண்டு உருவங்களை எடுத்து மேசையில் வைத்தார். அவற்றுக்கு வர்ணமில்லை. வெறும் உலோகச் சாம்பல் நிறம்.

"சேர், அது 1803இல இஞ்ச நிண்ட வெள்ளைக்காரப் படை. இது பண்டாரவன்னியன்ர ஆக்கள். அவையளுக்கு எல்லா நிறமும் புத்தகத்தில கிடைச்சது. இவையளுக்குத்தான் ஒண்டும் கிடைக்கேல்லை. வேட்டி வெள்ளையோ, காவியோ? தலைப்பாகை கட்டினவையோ? உங்களிட்டைக் கேக்கலாமெண்டுதான் கொண்டுவந்தனான்."

நான் பேசாமலிருந்தேன். 1803 ஓகஸ்ட் 25 முல்லைத்தீவுக் கோட்டை வீழ்ந்த நாள் என்று தெரியும். அதே ஆண்டு ஒக்ரோபர் 31இல் கற்சிலைமடுவுக்கு அருகே கப்டன் வொன் டிரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்பதும், அதைச் சொல்லும் கல்லொன்றை ஆங்கிலேயர் அங்கே நட்டார்கள் என்பதும் தெரியும். இவற்றைப் பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அந்த மனிதர்களின் உடுப்பு நிறத்தை ஒருநாளும் யோசித்ததில்லை.

நால்வகைப் படையும் மூன்று புலிகளும்

இந்த விளையாட்டின் வேர் நமது பக்கத்திலேதான் இருக்கிறது. தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையைக் கட்டத்திலே நிறுத்தி ஆடிய சதுரங்கம், ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டிலே பாரதத்திலிருந்து பாரசீகத்துக்குச் சென்றது. அங்கிருந்து அரபு நாடுகளுக்கும் பின்னர் ஐரோப்பாவுக்கும் பரவியது. போன இடங்களில் காய்களின் உருவம் சுருங்கி வெறும் குமிழும் கூம்புமாகிய வழக்கமும் உண்டு. ஆனால், இந்தியச் சிற்பிகள் ஆளை ஆளாகவும் யானையை யானையாகவும் செதுக்குவதை விடவில்லை. 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் வங்காளத்து முர்ஷிதாபாத் பகுதியிலே தந்தத்தில் செய்த காய்களில் ஒருபுறம் கிழக்கிந்தியக் கம்பனிச் சிப்பாய்கள், மறுபுறம் அம்பாரி வைத்த யானைமேல் இந்திய அரசன். இராஜஸ்தானில் இவ்வகைக் காய்களுக்குப் பல வர்ணமும் பொன்பூச்சும் இட்டார்கள். தம்மை வென்றுகொண்டிருந்த படையையே தம் கையாலே செதுக்கி விற்றார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

தமிழரின் ஆடுபுலி ஆட்டமும் ஒரு போர் விளையாட்டே. மூன்று புலி, பதினைந்து ஆடு. இரு தரப்பும் சமமில்லை. புலி பாய்ந்து ஆட்டை வெட்டும். ஆடுகள் ஒன்றுசேர்ந்து புலியை அசையவிடாமல் அடைக்கும். சமமில்லாத படைகளை மோதவிடுவது பிற்கால மேசைப் போர்களிலே பெரிதாகப் பேசப்படும் உத்தி. நம் கிராமத்துத் திண்ணைகளில் அது வெகுகாலமாக இருந்தது. ஆனால், நம்முடைய புலியும் ஆடும் கூழாங்கல்லும் புளியங்கொட்டையுந்தான். அவற்றுக்கு முகம் எழுதவேண்டிய தேவை நமக்கு வரவில்லை.

முகமில்லாத படையும் முகமுள்ள படையும்

ஐரோப்பாவிலே இந்த விளையாட்டு இரண்டு கிளையாகப் பிரிந்தது. ஒன்று படை அதிகாரிகளுக்கு உரியது. மற்றது பிள்ளைகளுக்கு உரியது.

அதிகாரிகளின் கிளை புரூசிய நாட்டில் வளர்ந்தது. 1812இலே ரைஸ்விட்ஸ் என்னும் பிரபு, இழுப்பறைகள் கொண்ட ஒரு பெரிய மேசையில் நிலத்தோற்றங்களை அடுக்கி ஆடும் போர் விளையாட்டொன்றை மன்னருக்குச் செய்து கொடுத்தார். அவருடைய மகன், தாமே ஒரு படை அதிகாரி, அதைத் திருத்தி 1824இலே விதிநூலாக வெளியிட்டார். உண்மையான நிலப்படத்தை விரித்து, அதன்மேல் சிவப்பும் நீலமுமான சிறு கட்டைகளை வைப்பார்கள். ஒரு கட்டை ஒரு படைப்பிரிவைக் குறிக்கும். தாயக்கட்டை உருளும். எத்தனைபேர் வீழ்ந்தார்கள் என்பதை அட்டவணை சொல்லும். நடுவர் ஒருவர் இரு தரப்பின் கட்டளைகளையும் வாங்கி முடிவு கூறுவார். இது விளையாட்டல்ல, போர்ப் பயிற்சி என்று புரூசியப் படைத் தலைமை அதனை ஏற்றுக்கொண்டது. அதை ஆக்கிய மகன் 1827இலே தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருடைய கட்டைகளுக்குக் கண்ணுமில்லை, சட்டையுமில்லை. படையை எண்ணிக்கையாக மட்டும் பார்ப்பதற்கு அதுவே வசதி.

பிள்ளைகளின் கிளை நியூரம்பேர்க் நகரத்திலே தளிர்த்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே வெள்ளீயத்தைத் தட்டையாக வார்த்துப் போர்வீரர் செய்தார்கள். 19ஆம் நூற்றாண்டிலே ஹைன்ரிக்சன் என்னும் நிறுவனத்தார் ஏறத்தாழ 30 மில்லிமீற்றர் உயரத்தை வழக்கமாக்கினார்கள். வார்ப்பது பட்டறையிலே. வர்ணம் தீட்டுவதோ பெரும்பாலும் வீடுகளிலே, பெண்களும் பிள்ளைகளும் செய்த கூலிவேலை. அன்டர்சன் 1838இலே எழுதிய தகரப் போர்வீரன் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரே கரண்டியை உருக்கி இருபத்தைந்து வீரர்களை வார்த்தபோது கடைசி வீரனுக்கு ஈயம் போதாமற் போயிற்று. அவன் ஒற்றைக்காலனானான். ஒரு குறை ஏற்பட்டதும் அவன் கூட்டத்தில் ஒருவனாக இல்லாமல் தனி ஆளாகிவிடுகிறான். கதையும் அவனைத் தேடி வருகிறது.

இலக்கிய அன்பர்கள் அறியவேண்டிய இன்னொரு செய்தி உண்டு. 1826 யூன் மாதத்திலே இங்கிலாந்தின் ஹாவர்த் என்னும் ஊரில் இருந்த பாதிரியார் பற்றிக் புரொன்டே, லீட்ஸ் நகரிலிருந்து தம் மகனுக்குப் பன்னிரண்டு மரப் போர்வீரர்களை வாங்கி வந்தார். நான்கு பிள்ளைகளும் ஆளுக்கொரு வீரனை எடுத்துப் பெயர் வைத்தார்கள். பத்து வயதுச் சார்லட் தன் வீரனுக்கு வெலிங்டன் பிரபு என்று பெயரிட்டாள். பெயர் வந்ததும் குணம் வந்தது. குணத்தோடு நாடும் நகரமும் பகையும் வந்தன. அந்த வீரர்கள் வாசிப்பதற்கென்று தீப்பெட்டியளவிலே புத்தகங்களை அச்செழுத்துப்போல நுணுக்கி எழுதித் தைத்தார்கள். இன்றைய பாத்திரமேற்கும் விளையாட்டு வேறென்ன? அந்தப் பிள்ளைகளில் சார்லட் 'ஜேன் அயர்' என்ற நாவலையும் எமிலி 'வதரிங் ஹைற்ஸ்' என்ற நாவலையும் எழுதினார்கள். இரண்டும் 1847இலே வெளிவந்தன.

இலண்டன் பெண்கள் தீட்டிய மதராஸ் சிப்பாய்

1893இலே இலண்டனில் பிரிட்டன் என்னும் குடும்பத்தார் உள்ளே வெற்றிடம் விட்டு ஈயப் பொம்மைகளை வார்க்கும் முறையைக் கண்டுபிடித்தனர். ஈயம் குறைந்தது, விலையும் இறங்கியது. பெட்டி பெட்டியாக விற்பனையாயின. அவற்றுக்கும் வர்ணமிட்டவர்கள் பெரும்பாலும் கூலிக்கு அமர்ந்த பெண்களே. பேரரசின் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றுக்கும் உரிய நிறம் தவறக்கூடாது என்பது அந்த நிறுவனத்தின் பெருமை. அந்த வரிசையிலே மதராஸ் காலாட்படையும் மதராஸ் ஈட்டிக் குதிரைப்படையும் இருந்தன. அந்தக் காலாட்படையிலே தமிழரும் தெலுங்கரும் பெருவாரியாகச் சேர்ந்திருந்தார்கள். மதராஸ் எங்கே இருக்கிறதென்று அறியாத ஒரு பெண், இலண்டனின் குளிரிலே இருந்துகொண்டு, நம்மவன் ஒருவனுக்குத் தலைப்பாகை எழுதியிருக்கிறாள். அவளுக்கு நிறம் தெரிந்திருந்தது. எழுதிவைத்திருந்தபடியால் தெரிந்திருந்தது.

இதைத்தான் என் மாணவரும் சொன்னார். 1803இலே இலங்கையில் நின்ற ஆங்கிலப் படைகளுள் 19ஆம் படைப்பிரிவும் ஒன்று. அதன் கழுத்துப்பட்டியும் கைமடிப்பும் பச்சை. அந்தப் பச்சையாலேயே அந்தப் பிரிவுக்குப் 'பச்சை ஹவார்ட்' என்ற பெயர் நிலைத்தது. எதிரியின் கைமடிப்பு நிறம் இருநூறு ஆண்டுக்குப் பிறகும் ஒரு பையனுக்குக் கிடைக்கிறது. அவனுடைய ஊரவனின் வேட்டி நிறம் கிடைக்கவில்லை.

வெல்ஸ் சொன்னதும் நடந்ததும்

இரண்டு கிளைகளையும் சேர்த்துக் கட்டியவர்கள் எழுத்தாளர்கள் என்பது வியப்பான செய்தி. 'புதையல் தீவு' எழுதிய ரொபேர்ட் லூயி ஸ்ரீவன்சன் 1881, 1882ஆம் ஆண்டுகளின் குளிர்காலத்தை நோயாளியாகச் சுவிற்சர்லாந்தின் டாவோஸ் நகரிலே கழித்தார். அந்நாள்களில் தம் வளர்ப்பு மகனோடு தரையிலே நிலப்படம் வரைந்து, ஈய வீரர்களை நிறுத்தி நாட்கணக்கிலே போர் நடத்தினார். 1913இலே எச்.ஜி. வெல்ஸ் 'சிறு போர்கள்' என்ற பொருள்படும் நூலை வெளியிட்டார். வீட்டுத் தரையிலே மரக்கட்டைகளால் ஊர் அமைத்து, வில்லால் இயங்கும் சின்னப் பீரங்கியால் பொம்மை வீரர்களைச் சுட்டு வீழ்த்தும் விளையாட்டு அது. அந்த நூலின் முடிவிலே அவர் சொல்லும் கருத்து இதுதான்: போர் வேண்டுமென்று துடிப்பவர்கள் பொம்மைகளோடு ஆடி ஆசையைத் தீர்த்துக்கொள்ளட்டும், ஆடிப் பார்த்தவனுக்கு உண்மைப் போர் எவ்வளவு பெரிய மூடத்தனம் என்பது விளங்கிவிடும்.

நல்ல கருத்து. ஆனால், அடுத்த ஆண்டே உலகப்போர் தொடங்கிற்று. வெல்சும், இது போரையே ஒழிக்கப்போகும் போர் என்று எழுதத் தொடங்கிவிட்டார். பொம்மைகள் எந்தப் போரையும் தடுத்ததாக நான் படிக்கவில்லை. ஆகவே, பொம்மைப் போர் மனிதனைத் திருத்தும் என்று உங்களுக்குச் சொல்ல நான் வரவில்லை.

பிற்காலக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவிலே கேரி கைகக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர், மேசைப் போர் விளையாட்டிலிருந்து படைப்பிரிவை விட்டுவிட்டுத் தனி ஒருவனைப் பாத்திரமாக எடுத்துக்கொள்ளும் முறையை வளர்த்தார்கள். 1974இலே அது 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் வெளிவந்தது. புரூசிய விளையாட்டின் நடுவர் இங்கே கதை நடத்துபவராகிவிட்டார். ஆரம்பத்திலே பூதங்களுக்குப் பொம்மை கிடைக்காமல், கடையில் விற்ற மலிவான ஹொங்கொங் பிளாஸ்ரிக் விலங்குகளை எடுத்து ஆடினார்கள். அந்த உருவங்களுக்கேற்பப் புதுப் பூதங்களே பிறந்தன. இங்கிலாந்திலே 1979இல் சிற்றடெல் என்னும் உருவ வார்ப்பு நிறுவனமும் 1983இல் வார்ஹாமர் விளையாட்டும் தோன்றின. வர்ணம் தீட்டுவது தனிக் கலையாயிற்று. போட்டிகளும் பரிசுகளும் வந்தன. விளையாடாமல் வர்ணம் மட்டும் தீட்டுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள்.

திண்ணையில் ஒரு பிற்பகல்

அந்தக் கலையை நான் கண்ணாலே பார்த்தேன். என் மாணவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்து, சிரட்டையிலே தண்ணீர் வைத்துக்கொண்டு ஓர் ஆங்கில வீரனைத் தீட்டிக் காட்டினார். முதலிலே வார்ப்பின் ஓரத்திலே துருத்திக்கொண்டிருந்த கோட்டைச் சிறு கத்தியாலே சுரண்டினார். ஏற்கெனவே அடிப்பூச்சுப் பூசிக் காயவைத்திருந்தார். அதன்மேல் ஒவ்வொரு பகுதிக்கும் அதனதன் நிறம். பிறகு நீர்போலக் கரைத்த கரிய வர்ணத்தை மேலே ஓடவிட்டார். அது மடிப்புகளிலும் குழிகளிலும் தங்கி நிழலாகியது. கடைசியில், உலர்ந்த தூரிகையாலே மேடான இடங்களில் வெளிர் நிறத்தைத் தடவினார். சட்டை மடிந்தது. கன்னத்திலே எலும்பு தெரிந்தது.

தோல் நிறத்தைப்பற்றி ஒரு செய்தி சொன்னார். நெடுங்காலமாகத் 'தசை நிறம்' என்று பெயரிட்டுக் குப்பியிலே விற்றது வெளிறிய இளஞ்சிவப்பு. நம்முடைய மாநிறத்தைத் தாமே கலந்து எடுக்கவேண்டியிருந்ததாம்.

கண் எழுதுவதுதான் சோதனை. கோயிற் சிற்பத்திலே கண் திறப்பது கடைசிச் சடங்கு என்பதை நேயர்கள் அறிவீர்கள். இவர்களிலே பலர் கண்ணைத் தொடக்கத்திலேயே எழுதிவிடுகிறார்களாம். பிழைத்தால் சுற்றிவரத் தோல் நிறத்தால் திருத்திக்கொள்ளலாம் என்பது காரணம். மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு புள்ளி வைத்தார். அதுவரை பொம்மையாக இருந்தது என்னைப் பார்த்தது.

"ஒருத்தனுக்கு மூண்டு மணித்தியாலம் போகும் சேர். மேசையில தாயக்கட்டை ஒருக்கா உருண்டால் ஆள் போயிடும்," என்றார்.

அப்போதுதான் என் கடுமை குறைந்தது. போரை ரசிக்கிறவனுக்கு ஒரு காலாளின் பொத்தானுக்காக இவ்வளவு பொறுமை வராது. சிவப்புக் கட்டையை நகர்த்திய அதிகாரிக்கு அந்தக் கட்டைக்குள்ளே எத்தனை முகம் இருந்தது என்று பார்க்கவேண்டிய தேவை இருக்கவில்லை. தூரிகை பிடித்தவன் பார்த்தே ஆகவேண்டும். என்ன சட்டை, என்ன நிறம், கிழிந்ததா, தைத்ததா என்று கேட்டே ஆகவேண்டும்.

நேயர்களே, இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. 2009இலே மாத்தளன் பக்கத்தில் என் தம்பியைத் தவறவிட்டோம். பிறகு நாங்கள் நிரப்பிய படிவம் ஒன்றிலே, காணாமற்போன வேளையில் அணிந்திருந்த உடை என்று ஒரு வரி இருந்தது. அம்மா நீலச் சட்டை என்றா. அக்கா சாம்பல் என்றா. நான் கோடு போட்ட வெள்ளை என்று நினைத்திருந்தேன். மூன்றுபேரும் அன்று காலை அவனோடு ஒரே பங்கருக்குள் இருந்தவர்கள். அவன் உயரத்தை எழுதினோம், பிறந்த திகதியை எழுதினோம், அடையாள அட்டை இலக்கத்தை எழுதினோம். அந்த ஒரு வரியிலே அம்மா சொன்னதை எழுதிவிட்டு வந்தோம். அது சரியோ என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இருநூறு ஆண்டுக்கு முந்திய வன்னியானின் வேட்டி நிறத்தை யாரும் எழுதிவைக்கவில்லையே என்று குறைப்படுகிறோம். பதினைந்து பதினாறு ஆண்டுக்கு முந்திய சட்டையையே எங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. திகதியும் இடமும் எண்ணிக்கையும் வரலாற்றுக்கு வேண்டும்தான். அவற்றைப் பிறர் எழுதிவைப்பார்கள். கல்லிலும் பொறிப்பார்கள். நம் வீட்டு ஆளின் உடுப்பையும் நடையையும் நாம்தான் எழுதிவைக்கவேண்டும். வேறு யாருக்கும் அது தெரியாது.

விடைபெறும்போது அந்தச் சாம்பல் நிற உருவங்களுக்கு வர்ணம் தீட்டித் தரும்படி கேட்டேன். வெள்ளை வேட்டி என்று வைத்துக்கொள்வோமே என்றேன். மாணவர் மறுத்துவிட்டார். "தெரியாமல் அடிக்கக்கூடாது சேர். ஆராவது வயசுபோன ஆக்களிட்டைக் கேட்டுச் சொல்லுங்கோ," என்று ஓர் உருவத்தை என்னிடமே விட்டுச் சென்றார். அது இப்போது வகுப்பறையில் வெண்கட்டிப் பெட்டிக்குப் பக்கத்திலே நிற்கிறது.

இந்தத் தவணையிலே என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரைத் தலைப்புக் கொடுத்திருக்கிறேன்: 'எங்கள் வீட்டில் ஒருவர் உடுத்திருந்த உடுப்பு'. உயிரோடு இருப்பவரைப்பற்றியும் எழுதலாம், இல்லாதவரைப்பற்றியும் எழுதலாம். நிறம் கட்டாயம் வரவேண்டும். தெரியாவிட்டால் வீட்டிலே கேட்டு எழுதவேண்டும். ஒரு பிள்ளை, "சேர், ரெண்டுபேர் ரெண்டு நிறம் சொன்னால் எதை எழுதுறது?" என்று கேட்டாள்.

இரண்டையும் எழுது, யார் சொன்னார்கள் என்பதையும் எழுது என்றேன்.

முல்லைத்தீவு, ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்து நேயர்கள் யாருக்காவது, பழைய வன்னிமக்கள் என்ன உடுத்தார்கள், எந்த மரப்பட்டையிலே சாயம் எடுத்தார்கள் என்று பாட்டன் பாட்டி சொல்லக் கேட்ட ஞாபகம் இருந்தால், தயவுசெய்து ஒரு கடிதம் போடுங்கள். மேசையிலே ஒருவன் காத்திருக்கிறான்.